கடற்கரையிலிருந்து மலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் ஆண்டுதோறும் இரண்டு மூன்று வேன்களில் மலைக்குப் புறப்படும் கூட்டத்தோடு பதினைந்து ஆண்டுகளாகப் போய்வருகிறேன். சதுரகிரி, வெள்ளியங்கிரி, சபரிமலை என்று சாமி கும்பிடப் போகிறவர்கள் பாதி. குரங்கணி, கொடைக்கானல் பக்கம் மலை நடைக்கென்றே போகும் இளைஞர்கள் மீதி. புறப்படுவதற்கு முந்தைய வாரம் தேநீர்க் கடையிலும் மீன் ஏலம் நடக்கும் இடத்திலும் என்னை நிறுத்திக் கேட்கப்படும் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, பதில்களையும் சேர்த்து இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வனத்துறையைச் சேர்ந்தவனும் அல்லன், மருத்துவனும் அல்லன். நடந்து பழகியவன், அவ்வளவே.

கடலில் கிடந்து வளர்ந்தவர்கள் நாங்கள். மலை ஏறுவதற்கு எங்களுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டுமா, அண்ணே?

வேண்டும். வலை இழுத்துப் பழகிய தோளும் கையும் வலுவானவைதாம். ஆனால் உடலின் முழு எடையையும் நான்கு மணி நேரம் படிப்படியாக மேலே தூக்கும் வேலையை நம் தொடைகள் ஒருநாளும் செய்ததில்லை. நம் கரை முழுவதும் தட்டை. ராமேசுவரம் தீவில் உயரமான இடம் என்று வெளியூர்க்காரர்களுக்கு நாம் காட்டும் கந்தமாதன பர்வதம் பெயரில்தான் பர்வதம். உண்மையில் அது ஒரு மேடு. ஏற்றம் என்று சொல்லத்தக்க இன்னொன்று பாம்பன் சாலைப் பாலம். அதிலும் வாகன நெருக்கடி.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் முக்கால் மணி நேரம் மணலில் வேகமாக நடப்பதும், வீட்டு மாடிப்படியில் இருபது முப்பது முறை ஏறி இறங்குவதும் போதுமானவை. இறங்குவதையும் பழக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முழங்கால் வலியும் கணுக்கால் பிசகலும், நான் பார்த்தவரை, ஏறும்போது வருவதைவிட இறங்கும்போது வருவதே அதிகம்.

எந்த மாதத்தில் போவது நல்லது? தடைக்காலத்தில்தான் எங்களுக்கு ஓய்வு கிடைக்கிறது.

இந்தக் கேள்வியில்தான் கடற்கரைக்காரர்கள் அதிகம் தவறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். நமக்கு ஓய்வாக இருக்கும் அந்த இரண்டு மாதங்களிலும் மலையின் போக்கு வேறு. தடை தொடங்கும் நேரத்தில் புல்வெளிகள் காய்ந்து, தீப் பிடிக்கும் நிலை இன்னும் முடிந்திருக்காது. அதைத் தொடர்ந்து மாலை நேரத்து இடிமழை வரும். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழையே வந்துவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் ஊரில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும், வானத்தில் மழைக்கான அறிகுறியே இருக்காது. அதே காற்றுதான் நம்மிடம் வருவதற்கு முன்பு மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு வருகிறது. ஆகவே இங்கே வெயில் அடிக்கிறது என்று நம்பி அங்கே போகக்கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; சதுரகிரி போன்ற கிழக்குச் சரிவுகளில் அப்போது ஓடைகள் பெருகும். என் கணக்கில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை உள்ள காலமே நடப்பதற்கு ஏற்றது. வெள்ளியங்கிரிக்கு மட்டும் பிப்ரவரி முதல் மே வரையே அனுமதி தரப்படுவதால், அங்கே பிப்ரவரியிலேயே போய்விடுவது நல்லது. தடைக்காலத்தை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள், விடியலில் ஏறத் தொடங்கி, மதியத்துக்கு மேல் மேகம் திரள்வதற்குள் கீழே இறங்கிவிடும் தொலைவுள்ள பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காடு எல்லோருக்கும் பொதுதானே? அதில் நடக்க எதற்கு அனுமதி?

மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்காமல் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்பதும், மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவைச் சேர்ந்த 21 தீவுகளில் விருப்பம்போல் இறங்கக் கூடாது என்பதும் நமக்குத் தெரியும். மலையிலும் அதே ஏற்பாடுதான். காப்புக் காட்டுக்குத் தமிழ்நாடு வனச் சட்டம் 1882, சரணாலயத்துக்கும் புலிகள் காப்பகத்துக்கும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972. அனுமதியின்றி நுழைவது குற்றம். சதுரகிரி இருப்பது 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் என்பதைக் கோயிலுக்குப் போகிற பலர் அறிவதில்லை.

குரங்கணித் தீக்குப் பிறகு, 2018-இல், காடுகளில் மலை நடையை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'டிரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி, 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. பழங்குடியினர் உள்ளிட்ட உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். முதன்முறை போகும் இளைஞர்களுக்கு நான் இதைத்தான் பரிந்துரைக்கிறேன். தனியாக ஒன்று: வேனில் கொடைக்கானலுக்கோ நீலகிரிக்கோ போவதென்றால், 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் வேண்டும். அது வாகனத்துக்கானது, காட்டில் நடப்பதற்கான அனுமதி அன்று.

குரங்கணியில் என்னதான் நடந்தது?

2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டத்தில் கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் இடைப்பட்ட சரிவில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்திருந்த இரண்டு குழுக்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத் தீயில் சிக்கின. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் இளைஞர்கள், பெண்களும் பலர். அவர்கள் சென்ற பாதைக்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. அது கோடை தொடங்கிவிட்ட மாதம்; ஆளுயரப் புல் காய்ந்து நின்ற சரிவு; காற்றும் இருந்தது.

விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் முதலில் ஓடிப்போனவர்கள் உள்ளூர் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும். இருட்டில், சூடு ஆறாத சரிவில், காயம்பட்டவர்களைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தவர்களும் அவர்களே. அனுமதிச் சீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது தண்டத் தொகை அன்று, இந்த மனிதர்கள்தாம். நாம் எங்கே இருக்கிறோம் என்று எழுதப்பட்ட ஒரு தாள் அடிவாரத்தில் இருந்தால், அவர்கள் தேடும் நேரம் குறையும்.

தீ வந்தால் ஓடித் தப்பிக்க முடியாதா?

மேல்நோக்கி ஓடினால் முடியாது. தீ எழுப்பும் வெப்பம் தனக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுவதால், அது சரிவில் ஏறும் வேகம் சமதளத்தைவிட மிக அதிகம். சரிவு ஏறத்தாழ 10 பாகை (டிகிரி) கூடும்போதெல்லாம் வேகம் இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் கொள்ளும் பொதுக் கணக்கு. மனிதனோ ஏறும்போது மெதுவாகிறான். எனவே பக்கவாட்டில், காற்றின் போக்குக்குக் குறுக்காக விலகி, பாறைத் திட்டு, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து கரிந்த இடம் ஆகியவற்றில் ஒன்றை அடைய வேண்டும். நைலான், பாலியெஸ்டர் உடைகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், கோடையில் பருத்தி உடையே நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: தூரத்தில் புகை தெரிந்த உடனேயே திரும்பிவிட வேண்டும். 'எங்கேயோ எரிகிறது' என்று நடையைத் தொடர்ந்துவிட்டால், பிறகு மேலே சொன்னவற்றில் எதைச் செய்யவும் நேரம் இருக்காது.

வெறுங்காலில் நடந்தே பழகியவன் நான். ஷூ அவசியமா?

கோயில் மலைகளில் வேண்டுதலுக்காக வெறுங்காலில் நடப்பவர்களை நான் தடுப்பதில்லை. மற்றவர்களுக்கு, அடிப்பாகத்தில் பள்ளமும் மேடுமாகப் பிடிப்புள்ள ஷூ அவசியம். ரப்பர் செருப்பு ஈரப்பாறையில் வழுக்கும். புதிதாக வாங்கிய ஷூவை அன்றே போட்டுக்கொண்டு மலைக்கு வருவது அதைவிடப் பெரிய தவறு. இரண்டு வாரமாவது ஊரில் போட்டு நடந்து பழக்காவிட்டால், முதல் மலை முடிவதற்குள் குதிகாலில் கொப்புளம் கட்டிவிடும். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் கம்பைப் பகட்டு என்று எண்ணாமல் வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது முழங்காலுக்கு அது ஒரு மூன்றாவது கால்.

குளிர்ந்த இடத்துக்குத்தானே போகிறோம்? தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

அரை நாள் ஏற்றத்துக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர், முழு நாளுக்கு மூன்று லிட்டர் என்பது என் அளவு. நம் ஊரில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழிந்து சட்டை நனைந்தால்தான் நமக்கு வியர்த்ததே தெரியும். மலையின் உலர்ந்த காற்றில் வியர்வை வந்த சுவடு தெரியாமல் ஆவியாகிவிடுவதால், நீர் குறைந்திருப்பதை நாம் உணர்வதில்லை. தாகத்துக்குக் காத்திராமல் அரை மணிக்கொரு முறை நான்கு வாய் குடிப்பதும், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு கையில் வைத்திருப்பதும் நல்லது. வெள்ளியங்கிரியில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று நீர் கிடைக்கும் இடங்கள் உண்டு. எனினும் கோடையின் கடைசியில் அவற்றை மட்டும் நம்பி ஏறக் கூடாது.

குளிரையும் குறைவாக மதிப்பிடக் கூடாது. 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை பாகை குறையும். வெள்ளியங்கிரியின் உச்சியான ஏழாவது மலை நம் கரையைவிடப் பத்துப் பன்னிரண்டு பாகை குளிராக இருக்கும்; காற்றும் சேர்ந்தால் வியர்த்த சட்டையோடு நிற்க முடியாது. மாற்றுச் சட்டை ஒன்றை நனையாத பையில் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கருவாடு எடுத்துப் போகலாமா?

சிரிப்பாக இருக்கலாம்; ஆனால் ஆண்டுக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார். கூடாது. கோயில் மலைக்குப் பொருந்தாது என்பது ஒரு புறமிருக்க, அந்த வாடை கரடியையும் காட்டுப்பன்றியையும் நம் பை இருக்கும் இடத்துக்கு அழைத்து வரும். புளிச்சோறு, வறுத்த நிலக்கடலை, பேரீச்சம்பழம், கடலைமிட்டாய் ஆகியவை போதும். குரங்குகள் உள்ள பாதையில் நெகிழிப் பையைக் கையில் தொங்கவிட்டு நடக்காதீர்கள். அது சாப்பாடு என்று அவற்றுக்குத் தெரியும்.

விரதத்தோடு, சாப்பிடாமல்தான் ஏற வேண்டும் என்கிறார்கள். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. என்ன செய்வது?

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர் வெறும் வயிற்றோடு மூன்று மணி நேரம் மலை ஏறினால், சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழக்கூடும். மருந்தின் அளவை அன்றைக்கு எப்படி மாற்றுவது என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. கை நடுக்கம், குளிர் வியர்வை, தடுமாற்றம் தெரிந்தால் உடனே உட்கார்ந்து சர்க்கரையோ வெல்லமோ சாப்பிட வேண்டும். உடன் வருகிறவர் ஒருவருக்காவது இந்த வியாதி பற்றித் தெரிந்திருக்க வேண்டும். விரதத்தைத் தளர்த்திக்கொண்டதற்காக எந்தச் சாமியும் கோபித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மேலே போனால் மூச்சு வாங்குகிறதே, ஆக்சிஜன் குறைவதுதானே காரணம்?

பெரும்பாலும் அன்று. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்; வெள்ளியங்கிரி 1,800 மீட்டருக்குள். ஆகவே அங்கே மூச்சு வாங்குவதற்கு முதல் காரணம் பழக்கமில்லாத உழைப்பும், கூட்டத்தோடு போட்டி போடும் வேகமும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். வாக்கியம் பாதியில் நின்றால் நீங்களும் நிற்க வேண்டும்.

ஆனால் நின்று பத்து நிமிடம் ஆகியும் மூச்சு அடங்காவிட்டாலோ, நெஞ்சில் அழுத்தம், இடக்கை அல்லது தாடை வலி, குமட்டல், குளிர் வியர்வை இருந்தாலோ, அது களைப்பு அன்று என்றே கொள்ள வேண்டும். 2024 பருவத்தில் வெள்ளியங்கிரி ஏறியவர்களில் பலர் மூச்சுத் திணறலாலும் மாரடைப்பாலும் இறந்தார்கள். அத்தகைய நிலையில் அவரை நடக்கவிடாமல் உட்காரவைத்து, 108-க்கும் அடிவாரத்து வனத்துறையினருக்கும் சொல்லி, தூக்கி இறக்க ஏற்பாடு செய்ய வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களும், இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் போவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஓடையில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். நீச்சல் தெரிந்த எங்களுக்கு என்ன பயம்?

நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தை, எதிர்த்து நீந்தத் தெரிந்தவர்கள் என்பதால் நம்மவர்கள் ஓடையை மதிப்பதில்லை. கடலில் நீர் நம்மை இழுத்தாலும் மிதக்க இடம் இருக்கிறது. மலை ஓடையில் நீர் நம்மைப் பாறையின்மேல் மோதும். காலை இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கவைத்து மேலே அழுத்தும். அங்கே நீச்சல் எதற்கும் உதவாது. வேகமாக ஓடும் நீர் முழங்கால் அளவே இருந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும்.

இன்னொரு வேறுபாடு, நாம் நம் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து வானிலை சொல்லிப் பழகியவர்கள். மலையில் வெள்ளம் நம் கண்ணுக்குத் தெரியாத மேல் முகட்டில் பெய்த மழையிலிருந்து வருகிறது. 2015 மே மாதத்தில் சதுரகிரியில் கோடைமழையால் ஓடைகள் திடீரெனப் பெருகிப் பக்தர்கள் உயிரிழந்தார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே வெள்ளம் பாய்ந்து, 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. இரண்டும் மே மாதம், நம் தடைக்காலம், என்பதைக் கவனியுங்கள். தெளிந்த நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பையை விட்டுவிட்டுக் கரையேறி உயரத்துக்குப் போக வேண்டும். வெள்ளம் வந்துவிட்டால் கடக்க முயலாமல் நிற்க வேண்டும். மழை நின்றால் மலை ஓடை சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பசியோடு ஒரு இரவு கழிந்தால் கழியட்டும்.

இடி இடித்தால் எங்கே ஒதுங்குவது?

தனி மரத்தடியிலும், முகட்டிலும், திறந்த புல்வெளியிலும், ஆழமில்லாத குகை வாயிலிலும் ஒதுங்கக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடி என்றால் ஒரு கிலோமீட்டர் தொலைவு. முப்பது வினாடிக்குக் குறைந்தாலே முகட்டிலிருந்து இறங்கிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மறுபடி ஏறக் கூடாது.

போட்டில் ஜிபிஎஸ் பார்த்தே ஓட்டுகிறோம். போனில் மேப் இருந்தால் போதாதா?

நம் இளைஞர்களிடமிருந்து மட்டுமே வரும் கேள்வி இது. கடலில் ஜிபிஎஸ் காட்டும் நேர்கோட்டில் பெரும்பாலும் போய்விடலாம். மலையில் அந்த நேர்கோட்டின் நடுவே ஒரு பள்ளத்தாக்கு கிடக்கும். 'கோயில் 600 மீட்டர்' என்று திரை சொல்லும்போது நடக்க வேண்டியது இரண்டு கிலோமீட்டராக இருக்கலாம். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவைத்து, ஏறிய தடத்தைப் பதிவு செய்துகொண்டே போவது பயனுள்ளது. அது வழிகாட்டிக்கு மாற்று அன்று. குளிரில் பேட்டரி விரைவில் தீரும். சிக்னல் தேடித் தேடியும் தீரும். போனை விமானப் பயன்முறையில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்க வேண்டும். 112 என்ற அவசர எண், நம் சிம்முக்குச் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் போய்ச் சேரும்.

வழி தவறிவிட்டோம் என்று தெரிந்தால், தெரிந்த கடைசி இடம்வரை வந்த தடத்திலேயே திரும்புங்கள். அது முடியாவிட்டால் அதே இடத்தில் உட்காருங்கள். 'ஓடையைப் பிடித்துக்கொண்டே போனால் ஊர் வரும்' என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆபத்தான யோசனை. இங்கே ஓடைகள் பல அருவியாக விழுகின்றன. ஒரு விசில் வைத்திருங்கள். இடைவெளி விட்டு மும்மூன்று முறை ஊதுவது உதவி கேட்பதற்கான குறி.

யானை வந்தால் சரிவில் கீழ்நோக்கி ஓடினால் தப்பிக்கலாமாமே?

அந்தப் பேச்சை நம்பி உயிரை வைக்காதீர்கள். யானை சரிவிலும் மனிதனைவிட வேகமாக வரும். தொலைவில் கண்டவுடன் பேச்சை நிறுத்தி, வந்த வழியே மெல்லப் பின்வாங்குவதே செய்யத்தக்கது. இங்கே நம் காற்றறிவு உதவும்: காற்று நம்மிடமிருந்து அதன் பக்கம் வீசினால் அது நம்மை அறிந்துவிடும்; ஆகவே காற்று அதனிடமிருந்து நம் பக்கம் வீசும்படியான இடத்துக்கு விலக வேண்டும். குட்டியோடு நிற்கும் யானையையும் தனித்து நிற்கும் காட்டுமாட்டையும் படம் எடுக்க முயல்வது முட்டாள்தனம். விடியலுக்கு முன்பும் அந்திக்குப் பின்பும் காட்டுப் பாதையில் நடக்காதிருந்தால் இந்தச் சந்திப்புகளில் பெரும்பகுதி நேராது.

பாம்பு கடித்தால்? அட்டை கடித்தால்?

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, அவரை நடக்கவிடாமல் தூக்கி, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. மலையில் மரக்கிளையிலும் பாறையிலும் கிடக்கும் குழிவிரியன்களுக்கு அது சரியாக வேலை செய்வதில்லை. எனவே கை வைக்கும் இடத்தைப் பார்த்து வைப்பதுதான் உண்மையான மருந்து.

நம் ஊரில் அட்டை என்றால் கடல் அட்டை. மலை அட்டை நெல்லளவில் தொடங்கி இரத்தம் குடித்து விரலளவு பெருக்கும். நகத்தால் ஓரத்தைத் தள்ளினாலோ உப்பைத் தொட்டு வைத்தாலோ விழுந்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால், விழுந்த பிறகும் சற்று நேரம் கசியும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

சதுரகிரி மூலிகையைக் கொஞ்சம் பறித்து வந்தால் என்ன குறைந்துவிடும்?

கடல் அட்டையையும் பவளத்தையும் எடுத்தால் வழக்கு வரும் என்று நமக்குத் தெரியும். அதே 1972 சட்டம்தான் அங்கேயும். மேலும், பறிக்கிறவர் பாதையை விட்டு இறங்குகிறார். வழி தவறுவதும் சறுக்கி விழுவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

சூடம் ஏற்றுவதும் பழைய துணியை விட்டு வருவதும் வேண்டுதல் அல்லவா? அதையும் தடுக்கலாமா?

சூடத்தைக் கோயிலில், அதற்கென்று உள்ள இடத்தில் ஏற்றுவதை யாரும் தடுக்கவில்லை. காய்ந்த சருகின் நடுவே, மரத்தின் வேரில் ஏற்றிவிட்டு நடந்துபோவதைத்தான் தடுக்கிறார்கள். தீ பற்றிய பதிலைப் படித்தவர்களுக்குக் காரணம் விளங்கும். துணியை ஓடையில் விடுவது எந்த வேண்டுதலிலும் சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வேனில் ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய அரிசிச் சாக்குப்பை தருகிறோம். கொண்டுபோனது அத்தனையும், ஊறுகாய்ப் பொட்டல உறை உட்பட, அதில் திரும்பி வர வேண்டும். ஒலிபெருக்கியும் மதுவும் வேனிலேயே ஏற்றப்படுவதில்லை.

வனக்காவலர் திருப்பி அனுப்பிவிட்டார். பணம் கொடுத்தால் வேறு வழியாகக் கூட்டிப்போகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். ஐந்து மணி நேரம் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா?

ஆம், திரும்ப வேண்டும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கும்போது டீசல் நிரப்பிவிட்டோமே என்பதற்காக யாராவது கடலுக்குப் போவார்களா? அந்த ஆளோடு போகிறவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஏதாவது நேர்ந்தால் முதலில் ஓடிவிடுகிறவரும் அவராகத்தான் இருப்பார். எங்கள் குழு இருமுறை இப்படித் திரும்பியிருக்கிறது. ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைத் தரிசித்துவிட்டுப் பால்கோவாவோடு ஊர் வந்தோம்.

பதினெட்டுப் பேரில் ஒருவருக்கு நடுவழியில் முடியவில்லை. மற்றவர்கள் மேலே போகத் துடிக்கிறார்கள். அமைப்பாளர் என்ன செய்வது?

தனியாக உட்காரவைத்துவிட்டு 'வரும்போது கூட்டிக்கொள்கிறோம்' என்று போகக் கூடாது. அவரோடு நலமாக உள்ள இருவர் இறங்க வேண்டும். ஒருவர் அருகில் இருக்கவும், தேவைப்பட்டால் இன்னொருவர் ஓடி உதவி அழைக்கவும். யார் அந்த இருவர் என்பதை ஊரிலேயே பேசி வைத்துவிட்டால் மலையில் மனத்தாங்கல் வராது.

இதை நான் கற்றது ஒரு தவறிலிருந்து. சில ஆண்டுகளுக்கு முன்பு சதுரகிரியிலிருந்து இறங்கி வேனில் ஏறிய பிறகு ஓட்டுநர்தான் எண்ணிப் பார்த்து ஓர் ஆள் குறைவதைச் சொன்னார். முழங்கால் வலியால் ஒரு பெரியவர் ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டார். முன்னே போனவர்கள் அவர் பின்னே வருகிறார் என்றும், பின்னே வந்தவர்கள் முன்னே போய்விட்டார் என்றும் எண்ணியிருந்தார்கள். கிழக்குச் சரிவு என்பதால் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னே மறைந்து, ஐந்தரை மணிக்கே காட்டுக்குள் இருட்டிவிட்டது. வனக்காவலர்கள் இருவர் விளக்கோடு ஏறி எட்டு மணிக்கு அவரைக் கூட்டி வந்தார்கள். அன்றிலிருந்து முதல் ஆளும் கடைசி ஆளும் யார் என்று பெயர் சொல்லி வைக்கிறோம். கடைசி ஆள் யாரையும் தனக்குப் பின்னே விடக்கூடாது. ஒவ்வொரு ஓடையிலும் தலை எண்ணுகிறோம்.

அப்படி ஒருவர் காணாமல் போனால் நாங்களே தேடப் போகலாமா? கடலில் ஒரு போட் திரும்பவில்லையென்றால் எல்லா போட்டும் தேடப் போகிறதே?

கடலில் தேடப் போகிறவர்கள் அந்தக் கடலை அறிந்தவர்கள். மலையில் நாம் அறியாதவர்கள். இருட்டில் பதினேழு பேர் பதினேழு திசையில் போனால், விடியும்போது தேட வேண்டியவர்கள் பலராகிவிடுவார்கள். அத்துடன் தடங்களும் கலைந்துவிடும். கடைசியாகப் பார்த்த இடத்தில் இருவரை விளக்கோடும் விசிலோடும் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் அடிவாரம் வந்து வனத்துறைச் சோதனைச் சாவடியில் சொல்ல வேண்டும். 112-க்கும் சொல்ல வேண்டும். அவர்கள் அழைத்தால் மட்டும், அவர்கள் சொல்லும் இடத்துக்குத் துணையாகப் போகலாம்.

சாவடியில் அவர்கள் கேட்பவை இவை: கடைசியாக எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், சட்டையின் நிறம், வயது, நோய், மருந்து ஏதாவது, கையில் தண்ணீரும் விளக்கும் உண்டா, போன் எண், அதில் எவ்வளவு சார்ஜ் இருந்தது. பதற்றத்தில் சட்டையின் நிறம்கூட நினைவுக்கு வராது. ஆகவே ஏறுவதற்கு முன்பு அடிவாரத்தில் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து, வேனில் இருக்கும் ஓட்டுநரின் போனுக்கு அனுப்பிவிடுகிறோம். பெயர்ப் பட்டியலும் திரும்பும் நேரமும் எழுதிய தாளின் ஒரு படி அவரிடமும் இன்னொரு படி ஊரில் ஒரு வீட்டிலும் இருக்கும்.